மூன்று புள்ளி குறைவு

தேர்வு மையத்தில் வேலை பார்ப்பவர்கள் கேள்வியைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் சட்டைப் பையையும் முகத்தையும்தான். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வைக் கணினியில் எழுத வருகிறவர்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது என் வேலை. பெயர் ஸ்டெல்லா. ஒரே தேர்வை இரண்டாம் தடவை எழுதலாமா என்று யோசித்தே சோறு இறங்காமல் போனவர் என்றால், நீங்களும் நம்ம கூட்டம்தான்.

பொட்டலம்

பாரிட் புந்தாரிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். நாற்பது வயதிருக்கும், இரண்டாம் முயற்சி. பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னேன். எல்லாம் காலி, சட்டைப் பையில் மட்டும் மடித்த காகிதம் ஒன்று. உள்ளே காகிதம் கொண்டுபோகக் கூடாது. பிரித்துப் பார்த்தால் திருநீறு. போன தடவை இதை மறந்துவிட்டுப் போனதால்தான் புள்ளி குறைந்தது என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

பூசிக்கொண்டு காகிதத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். நெற்றி நிறையப் பூசினார். அப்புறமும் நகரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்: "பேப்பருக்குத்தானே தடை? சாமி உள்ள வரலாம்லா?"

இரண்டு நிமிடம்

எழுதி முடித்ததும் திரை ஒரு கேள்வி கேட்கும். இந்தப் புள்ளியை வைத்துக்கொள்கிறீர்களா, அழித்துவிடவா? எவ்வளவு என்று காட்டாமலே கேட்கும்; முடிவெடுக்க இரண்டு நிமிடம்தான். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த மருத்துவமனைத் தாதி ஒருவர் அந்த இடத்தில் கையைத் தூக்கினார். பக்கத்தில் போனேன். என்ன செய்யட்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்லக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது; மேலே கேமரா இருக்கிறது. திரையில் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. எதையும் காட்டிவிடக் கூடாதே என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தார். வெளியே வந்து கைப்பேசியை வாங்கும்போதுதான் காரணம் சொன்னார்: "நீ மொறச்ச மாதிரி இருந்துச்சு தங்கச்சி, அதான் அழிச்சிட்டேன்."

என் முறை

சுங்கை சிப்புட் பக்கம் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். வெளிநாட்டில் கல்வி உளவியல் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அடுத்த வருடம் உதவித்தொகைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். சொந்த மையத்தில் எழுத அனுமதி இல்லாததால் பினாங்குக்குப் போனேன்.

நான் தினமும் ஒப்பிக்கிற வாக்கியங்களை அங்கே ஒரு பெண் எனக்கு ஒப்பித்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி எனக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கணக்கில் தப்பித்தேன். ஆங்கிலத்தில், பல்கலைக்கழகம் கேட்டதைவிட மூன்று புள்ளி குறைவு. அதைப் பார்த்தபோது காதில் கேட்டது, உள்ளே அனுப்புமுன் அந்தப் பெண் சொன்னதுதான்: "நீங்களும் இதே வேலதானேக்கா, உங்களுக்கெல்லாம் பயமே இருக்காதுலா."

தைரியம்

மறுபடி எழுத மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விண்ணப்பிக்க இருந்ததோ நான்கு வாரம். ஆக, ஒரே வாய்ப்பு. இன்னும் குறைந்துவிட்டால்? இரண்டு முடிவுகளையும் பல்கலைக்கழகத்தில் பார்ப்பார்கள். அம்மா வேறு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். கோயில் வாசலில் ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

அந்த வாரம் கமுந்திங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர் ஒருத்தி மூன்றாம் தடவையாக வந்தாள். கேட்கக் கூடாதுதான். இரண்டாம் தடவை கூடியதா என்று கேட்டுவிட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். "மொத தடவ பயந்து பயந்து எழுதுனேன். ரெண்டாவது தடவ பயமே இல்லக்கா, அதான் கொறஞ்சு போச்சு."

குணா அண்ணே

எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் குணா அண்ணே. ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் இதே புலம்பல்தான். பதிவுப் பக்கத்தைத் திறப்பேன், தேதியைத் தொடுவேன், மூடிவிடுவேன். ஒருநாள் பார்த்தால் பினாங்கு மையம் நிறைந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரே ஓர் இடம். விரல் மவுஸின் மேலேயே இருந்தது, அழுத்த வரவில்லை.

அண்ணே குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைக் கீழே வைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "எழுதலன்னா வருசம் முழுக்க எங்கிட்டதான் பொலம்புவ. எழுதிட்டா மூணு வாரத்துல முடிஞ்சிரும். என்னையும் கொஞ்சம் நெனச்சுப் பாரும்மா."

எழுதினேன், இரண்டு புள்ளி கூடியது, ஒன்று இன்னும் குறைகிறது, இருப்பதை வைத்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், இனி முடிவெடுக்க முடியாமல் தவிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.