‘மிட்’ என்ற சொல்லும் சவரிமுத்து அண்ணனின் பயமும்

செவ்வாய்க்கிழமை காலை இட்லிப் பானையை இறக்கி வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, "சரசு, உனக்குப் போன் வந்திருக்குது. ஆரோக்கியமேரியாமா," என்றார். பெயரைக் கேட்டதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போய் ரிசீவரை எடுத்தேன். "அம்மணி, அவிய போயிட்டாங்க. விடியக்கால அஞ்சு மணிக்கு," என்று சவரிமுத்து அண்ணனின் மனைவி சொன்னார். நான் அழவில்லை. "சரிங்க, வாரேன்," என்று சொல்லி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நான்கு இட்லி தின்றேன். சிரிக்காதீர்கள். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அச்சகத்துக்காரர்களுக்கு அவர் புரூஃப் சவரி. கோயில் பாடற்குழுவுக்கு, கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைக்கிறவர். உக்கடத்தில் ரோட்டைத் தாண்டக் கால்மணி நேரம் நிற்பார். நாய், லிப்ட், இடி, சுவிட்சு போர்டு, போலீஸ்காரர், புதுச்செருப்பு எல்லாவற்றுக்கும் பயம். பாதிரியாராகப் போகச் செமினரியில் மூன்று வருடம் லத்தீன் படித்துவிட்டு, பிரசங்கம் வைக்கச் சொல்லிவிடுவார்களே என்று பயந்து ஊருக்கு ஓடி வந்தவர். இதில் எதையும் அவர் மறைத்ததில்லை. "எனக்குப் பயமுங்க" என்பதை, மற்றவர்கள் "எனக்குச் சர்க்கரைங்க" என்று சொல்கிற மாதிரி சொல்லுவார்.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்தச் சின்ன அச்சகத்துக்காரர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலம் - தமிழ் அகராதி போட வேண்டுமென்று ஆசைப்பட்டார். அதற்காக எங்கள் இருவரையும் ஒரே நாளில் உட்கார வைத்தார். ஆங்கிலம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான். இருபது வருடம் மற்றவர்களுடைய பிழைகளைத் திருத்திய அவர். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. ஓர் எழுத்துக்கு ஒரு பிஸ்கட் டின். சீட்டின் மூலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது அச்சுக்குப் போகும். ஒத்துவரவில்லை என்றால், அந்தச் சொல் யாருடைய பிழைப்போ அவரிடம் இரண்டு பேரும் நேரில் போய்க் கேட்க வேண்டும். இது அண்ணன் போட்ட சட்டம். ‘கில்ன்’ என்ற சொல்லுக்கு மதுக்கரைக்குப் போய், சிமெண்டுச் சூளையில் வேலை செய்த ஒருவரை டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டோம். "சொல்ல அதனோட ஊட்டுலயே போயிப் பாக்கோணுங்க அம்மணி. நம்மூட்டுக்குக் கூப்பிட்டா அது வேசம் போட்டுட்டு வரும்," என்பார்.

‘எம்’ எழுத்து டின்னைத் திறந்தபோது எனக்கு எட்டாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை இழந்திருந்தேன். இரண்டும் ஆஸ்பத்திரியில். ஒன்று பிறந்து ஒரு பகல் இருந்தது. மற்றது அதுவும் இல்லை. ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் எம்.ஏ. படித்தவள்தான். ஆனாலும் தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது எட்டு முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவேன்.

‘மிட்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லோடு அண்ணன் மூன்று நாள் குடித்தனம் நடத்தினார். நடு என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. லத்தீனின் மீடியஸ், சமஸ்கிருதத்தின் மத்திய, ஆங்கிலத்தின் மிட், மூன்றும் ஒரு தாய் மக்கள் என்றார். "நம்ம மத்தியானமும் வெள்ளக்காரனோட மிட்டேயும் பங்காளிங்க. ரெண்டு பேருக்கும் தெரியாது, பாவம்." நடுவயிற்றைச் சொல்லும் மிட்ரிஃப் என்ற சொல்லின் வால் பகுதி வயிற்றைக் குறிக்கும் பழஞ்சொல் என்று கண்டுபிடித்த அன்று, தமிழிலும் இடை என்றால் நடுவும் உண்டு, இடுப்பும் உண்டு என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். கிரிக்கெட் சங்கதியான மிட்-ஆன் என்னிடம் வந்தது. மிட்வைஃப் என்ற சொல்லும் என்னிடம் வந்தது.

‘தாய்க்கும் சேய்க்கும் நடுவில் நிற்கும் பெண், மருத்துவச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அந்த மிட் இல்லீங்க அம்மணி. இது வேற மிட். செத்துப்போன வார்த்தை. அதுக்குக் ‘கூட’ன்னு அர்த்தம். கூட இருக்கற பொம்பளைன்னுதான் வருது. காலேஜ் லைப்ரரிப் பெரிய புஸ்தகத்துல பாத்துட்டு வந்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கூட இருக்கறதுக்கு எதுக்குங்ணா ஒரு தனி ஆளு? கூட இருக்க எங்க மாமியாரு போதும்," என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இரண்டு தடவையும் என்னோடு கூட இருக்க ஆளுக்கா பஞ்சம்? கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என்ன பிரயோசனம்? வருகிற சாவுக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் ஒருத்தி வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ‘நடு’தான். அதை அவரிடம் சொல்லாமல், புத்தகம் தப்பு என்று சாதித்தேன். "சட்டப்படி மருத்துவச்சிகிட்டப் போயிக் கேப்போம்," என்றேன்.

"வெள்ளக்காரன் வார்த்தைக்கு மருத்துவச்சி என்னங்க சொல்லுவாங்க? மொதல்ல பெத்துப் பொழைச்சு வாங்க. வார்த்தை எங்கீங்க ஓடிப்போகுது?"

நான் விடவில்லை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் ரங்கம்மா என்ற மருத்துவச்சி இருந்தார். என் வீட்டுக்காரரின் பெரியம்மா வீட்டில் ஏழு பிள்ளைகளை உயிரோடு எடுத்துக் கொடுத்தவர். அவர் ஒரு தடவை என் வயிற்றில் கை வைத்து, ‘இது தங்கும்’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள். அதனால் அகராதியைச் சாக்கு வைத்தேன். அண்ணனுக்கு இது புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இல்லாவிட்டால் அவ்வளவு பயந்தவர் அத்தனை தூரம் வந்திருக்க மாட்டார்.

இரண்டாவது பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா ஆனை எறங்குதுங்க. பதனமாப் போங்க," என்றார். அண்ணன் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அம்மணி, திரும்பற பஸ்சுக்கு நிப்போமுங்க," என்றார். நான் தோப்புப் பக்கமாக நடந்தேன். முரட்டுத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை. அவர் பின்னாலேயே வந்தார்.

எங்கள் பக்கத்து இட்டேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம். நுழைந்தால் முன்னால் போக வேண்டும், அல்லது பின்னால் வர வேண்டும். பாதி வழியில் அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவருக்குத்தான் வாடை முதலில் தெரிந்தது. பிறகு தென்னை முறிகிற சத்தம். தடத்தின் வளைவில், வேலிக்கு மேலே, கருப்பாக ஒரு முதுகு நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில், வேலி இடுக்கில், சின்னதாக இன்னொன்று. குட்டியோடு இருக்கிற ஆனை.

வேலியில் ஒரு சந்து இருந்தது. அதற்குள் புகுந்தால் ஒரு மோட்டார் ரூம். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தபோது இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது, கால் வழியே தண்ணீர் இறங்கியது. அது என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்தது. எட்டாம் மாதம், மருத்துவச்சி வீட்டுக்கு இன்னும் அரைப் பர்லாங், நடுவில் ஆனை.

"போயி ரங்கம்மாவக் கூட்டியாங்க," என்று கத்தினேன். அவர் எழுந்தார். கதவுவரைக்கும் போனார். வெளியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"போவ முடியலீங்க அம்மணி. காலு வரமாட்டேங்குது. ஆனா உங்கள உட்டுட்டும் போவமாட்டேன்."

நான் அவரைத் திட்டினேன். பேடி என்றேன். ஆம்பளையா என்றேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன். அவர் மனைவி இதைப் படிப்பார் என்பதால் எழுதவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் என் வளையல் சத்தம் போட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; அவர் தலைக்கு நேர் மேலே ஸ்டார்ட்டர் பெட்டி. கரண்டுக்குப் பயந்த மனுஷன் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் எல்லாரும் பயப்படாதே, பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். நான் பயப்படுகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அண்ணன் அதை மட்டும்தான் சொன்னார். நடுவில் மாதாவை வேண்டினார். ஜெபம் குழறிப் போனதும் டின்னில் இருந்த வரிசைப்படி சொற்களைச் சொல்ல ஆரம்பித்தார். மைக்கா, மைஸ், மைக்ரோஃபோன், மிட், மிட்டே, மிடில், மிட்நைட், மிட்ரிஃப். மிட்வைஃப் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் மைக்காவில் தொடங்குவார். கையெழுத்து ஆகாத சொல்லை அந்த நேரத்திலும் அவர் சேர்க்கவில்லை. வெளியே ஆனை வேலியை உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை அது கதவுக்கு அருகில் மூச்சு விட்டது. நான் வலியைக் கடித்துக்கொண்டேன். அவர் என் கையை விடவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தோட்டத்துக்காரர்கள் தகரம் தட்டி, வெடி போட்டு ஆனையை மலைப்பக்கம் தாட்டிவிட்டார்கள். எங்கள் சத்தம் கேட்டு யாரோ ஓடிப்போய் ரங்கம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் வந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். அழவில்லை. நான் மோட்டார் ரூம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன். ரங்கம்மா அதைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார், காலைச் சுண்டினார், வாயில் விரல் விட்டு வழித்தார். பிறகு அழுதது. வெளியே சுவரைப் பார்த்து நின்றிருந்த அண்ணனும் அழுதார். அவர் சத்தம்தான் பெரிசு.

அப்புறம் அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்கம்மா, உங்க வேலைய ஒரு வார்த்தைல சொல்லோணும்னா எப்படீங்க சொல்லுவீங்க?" என்று ரங்கம்மாவிடம் கேட்டார்.

ரங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் வாரதுக்கு முன்னால நீங்க இங்க என்ன பண்ணீட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. எந்திரிச்சுப் போவப் பயந்துட்டு இவியகூடவே உக்காந்திருந்தேன்."

"அதுலதானுங்க பாதி வேலை. மிச்சத்துக்குத்தான் என்னையக் கூப்புடறாங்க. சித்தெத் தள்ளி நில்லுங்க, வெந்நி வருது."

பத்து நாள் கழித்து அச்சகத்துக்காரர் பிள்ளையைப் பார்க்க வந்தபோது, அண்ணன் அந்தச் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். ‘கூட இருப்பவள்’ என்று அவர் எழுத்து. கையெழுத்துப் போட்டேன். அகராதியில் அப்படித்தான் வந்தது.

இனி எழுதப்போவதைத் தள்ளிப்போடத்தான் இத்தனையும் சொன்னேன். போன சனிக்கிழமை ஆரோக்கியமேரி போன் செய்தார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை என்றார். "அவிய உங்கள வரச் சொல்றாங்க அம்மணி. ரொம்பப் பயமா இருக்குதாமா." ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட்டுவரைக்கும் போனேன். உள்ளே இருந்து அந்த மருந்து நாற்றம் வந்தது, ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு வருகிற சத்தம் கேட்டது. என் இரண்டு பிள்ளைகளையும் துணியில் சுற்றி எடுத்து வந்தது அப்படி ஒரு கேட் வழியாகத்தான். கால் நின்றுவிட்டது. நாளைக்கு வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை மகளுக்கு லேசாகச் சளி. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஆரோக்கியமேரியிடம் இதைச் சொன்னேன். மறைக்க முடியவில்லை. "பரவால்ல" என்று சொல்லுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன் போல. அவர், "ஞாயித்துக்கெழமை பூரா வாசக்கதவையே பாத்துட்டிருந்தாங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த எனக்கு அருகதை இல்லை.

குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். அன்றைக்குப் பிறந்த மகளுக்கு இப்போது ஐந்து வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பயமா இருக்குது, ஊட்டுக்குப் போலாம்," என்றாள். பயப்படாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. "எனக்கும் பயந்தான் கண்ணு," என்றேன். அவள் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள்; அம்மா அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கை நடுங்கியது, என் கையும் நடுங்கியது. சவரிமுத்து அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, கடைசி மண்வெட்டி மண் விழுகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.