கூடையைக் கேட்ட பள்ளிக்கூடம்

திரேஸ்புரம் கடற்கரையில் மீன் விற்கிறவள் நான். கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் படிப்பு. போன வருஷம், வாடிக்கையாக என்னிடம் மீன் வாங்கும் டீச்சர், "ஆச்சி, எங்க ஸ்கூல்ல கடற்கரை விழா. உங்க கூடையோட வந்து, பிள்ளைகளுக்கு உங்களை மாதிரியே சும்மாடு கட்டிவிடணும்" என்றாள். பெருமையாகத்தான் போனேன்.

அது டவுனுக்குள் இருக்கும் அரசுப் பள்ளி. அறைக்கு அறை மின்விசிறி, கம்ப்யூட்டர், தனியாக ஓர் ஆய்வுக்கூடம். எங்கள் கடற்கரைப் பக்கம் என் பேத்தி படிப்பதும் அரசுப் பள்ளிதான். அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். மழை பெய்தால் பிள்ளைகள் ஒழுகாத மூலையில் ஒண்டி நிற்பார்கள்.

ஒரு சிறுமியின் தலையில், கூடை உட்காரத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டே கேட்டேன். "டீச்சர், எம் பேத்தியையும் இங்கன சேத்துக்கிட்டா என்ன?"

"உங்க ஏரியாவுலயும் கவர்மென்ட் ஸ்கூல் இருக்கே ஆச்சி. ஒரு பிள்ளையச் சேத்தா அங்கயிருந்து எல்லாரும் வந்து நிப்பாங்க."

"அப்போ எங்க கூடை மட்டும் வரலாமோ?"

"விழா நேரத்துல எதுக்கு ஆச்சி இதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

மேடையில் அந்தச் சிறுமி இடுப்பில் கைவைத்து, "சீலா மீனு, சீலா மீனு" என்று என்னைப் போலவே கூவினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஓடி வந்தாள். "பெரிய ஸ்கூல் எப்படி இருந்துச்சு ஆச்சி?"

"ஏளா, அதுவும் உன் ஸ்கூல் மாதிரிதான்" என்றேன்.

இரண்டையும் நடத்துவது ஒரே அரசாங்கம்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒன்று மட்டும் ஏன் ஒழுகுகிறது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.