ஞாயிற்றுக்கிழமை வேலை கேட்டவள்

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு வயரிங் கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் வேலையாக இருந்தது. பெண்கள் பெரும்பாலும் அப்பாவோடுதான் இன்டர்வியூவுக்கு வருவார்கள். கேள்விக்கு அப்பாக்களே பதில் சொல்வார்கள்.

சிங்காரப்பேட்டையிலிருந்து மகளோடு வந்த ஒருவரும் அப்படித்தான். "எதுக்கு வேலைக்கு வர விரும்பறே?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"சும்மா வூட்ல இருக்குதுங்க மேடம்," என்றார் அவர்.

அவரை வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும் அந்தப் பெண் கேட்டாள், "ஞாயித்துக்கெழம வேலை இருக்குங்களா?"

எல்லோரும் லீவு எப்போது என்றுதான் கேட்பார்கள். காரணம் கேட்டேன்.

"பொண்ணு பாக்க அன்னிக்குத்தாங்க வராங்க."

"கல்யாணம் வேண்டாமா?"

"வேண்டாம்னு இல்லீங்க. வாராவாரம் டீத்தட்டு தூக்கிட்டு நிக்கறதுதான் செரிப்படல."

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைப்பதே கஷ்டம். எடுத்துக்கொண்டேன். அவள் கை வேகமாக ஓடியது. லீவு நாட்களில் லைனை அவளை நம்பி விட்டோம்.

சில மாதங்கள் கழித்து வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என் அறைக்கு வந்தது. அம்மா, அப்பா, மகன். அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார்கள். பெண் பார்க்க எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் அவள் வீட்டில் இல்லையாம்.

"பொண்ணு எப்படிங்க?" என்றார் அந்த அம்மா.

"நல்லா வேலை செய்யும்," என்றேன். அதற்கு மேல் சொல்லக் கம்பெனியில் அனுமதி இல்லை.

சும்மா இருக்க முடியாமல் மகனிடம் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்றார். இப்போது மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறாராம். எங்களுக்கு மெயின்டனன்ஸில் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து ஷெட்டில் ஒரு மோட்டாரைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். காட்டினார். மறு வாரமே சேர்ந்துவிட்டார்.

சம்பந்தம் முறிந்துபோனது. "ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போயிட்டா மாட்டை யாரு பாக்கறது?" என்று அந்த அம்மா தரகரிடம் சொல்லிவிட்டாராம்.

பெண்ணின் அப்பா எனக்குப் போன் செய்தார். "பொண்ணு கேக்க வந்தவங்களுக்கு வேலை குடுத்து அனுப்பிட்டீங்களே மேடம்," என்றார். அவர் கோபப்படவில்லை.

அவளைக் கூப்பிட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். சங்கடமாக இருந்தது.

"அவரு மெயின்டனன்ஸுங்களா?"

"ஆமா."

"மிஷின் நின்னா அவருதான் வரணுமா?"

"அவருதான் வரணும்."

"செரிங்க மேடம்," என்று லைனுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய மிஷின் நின்றபோதெல்லாம் அவர் வந்தார். எந்த இடத்தில் சத்தம் கேட்டது என்று அவள் சொல்வாள்; அவர் திருப்புளியால் தட்டிப் பார்ப்பார். வேறு பேச்சு கிடையாது. கம்பெனி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஆடி கழிந்ததும் ஊத்தங்கரையில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு வந்தாள். ஃபிட்டர் ஓசூரில் பெரிய கம்பெனிக்குப் போனார். விலகும்போது காரணம் கேட்பது வழக்கம். கேட்டேன்.

"அங்க கம்பெனி பஸ்ஸு வீட்டுக்கிட்டயே வருதுங்க," என்றார்.

அதையே எழுதிக்கொண்டு, இன்னொரு ஃபிட்டரைத் தேட ஆரம்பித்தேன்.