ரேகாவின் நேர்கோடு

அரவேணு ஊர்க்காரி வாசுகியிடம் யாரைப் பற்றி வேண்டுமானாலும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசலாம், ரேகாவைத் தவிர. பேசினால் அன்றைக்கு உங்களுக்கு டீ கிடைக்காது.

மலைக்குளிர் நடுக்கும் பெர்ன்ஹில்லில் பழனியாண்டி ஐயா வீட்டில் வாசுகிக்கு ஒன்பது வருட வேலை. தேயிலை பறிப்பதை விட்டுவிட்டு வந்து, பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அறையிலிருந்த இரும்பு விறகடுப்பை அணையாமல் காத்தவள். ஒற்றை ஆளாக எத்தனை நாளைக்குத்தான் முடியும் என்று ஐயாவின் மகன் அருண்பிரசாத் போன வருடம் ரேகாவையும் சேர்த்தான். ஒரு நாள் இவள், மறுநாள் அவள்.

அத்தோடு விட்டானா? பெங்களூரிலிருந்தே அப்பாவின் அறைச் சூட்டைப் போனில் பார்க்க, கதவோரச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினான். இருபத்திரண்டு டிகிரியைத் தொட்டால் அடுப்பின் காற்றுக்கதவைப் பெட்டியே மூடித் தீயை அடக்கிவிடும், குளிர்ந்தால் திறக்கும். விறகு போடுவது மட்டும் மனுஷர் வேலை. நாள் முழுக்க இருந்த சூடு அவன் போனில் ஒரு கோடாக விழும்.

வாசுகி விறகை ஒரேயடியாகத் திணிப்பவள். அவள் கோடு கோத்தகிரி பஸ் ரோடு மாதிரி ஏறி இறங்கியது. ரேகாவோ சின்னச் சின்னதாகப் பிளந்து, அரை மணிக்கொரு தரம் போடுவாள்.

"வாசுகிக்கா, ரேகா கோட்டப் பாக்கோணுமே! ஸ்கேல் வெச்சு இழுத்தாப்ல இருக்குதுங்க. அடுத்த மாசத்துல இருந்து ஒருத்தரே போதும்னு நெனைக்கறேன்," என்றான் அருண்பிரசாத் போனில்.

வாசுகிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஒன்பது வருடம் பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, நேற்று வந்தவளுக்கு நேர்கோடாம்! "பேர்லயே ரேகைய வெச்சுக்கிட்டு வந்திருக்கறா, சிறுக்கி!" என்று கரித்துக் கொட்டினாள்.

மறுநாள் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அந்தப் பெட்டிக்கடியில் தொங்கவிட்டாள். ஆறினால் சமையலறைக்கு ஓட்டம், மறுபடி வெந்நீர். கதவோரமாகவே நின்று மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். காஸ் அடுப்பருகில் நின்று நின்று அவளுக்கு வேர்த்தே விட்டது. அறை சூடாகத்தான் இருக்கிறதென்று நம்பிய பெட்டி, காற்றுக்கதவை இறுக மூடியது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, சூப்பருங்க! இன்னிக்கு உங்க கோடு ரேகாவோடத விட நேரா இருக்குது. இனி நீங்களே அப்பாவப் பாத்துக்குங்க."

அப்படிப் போடு! போனைக் காதில் வைத்தபடியே ஐயாவிடம் சொல்ல ஓடினாள். அடுப்பில் ஒரு கங்குகூட இல்லை. ஐயாவின் கை ஐஸாகக் கிடந்தது. உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, வார்த்தையைக் கூட்டிக் கூட்டிக் கேட்டார்.

"ரேகா... எப்ப... வரும்?"

வாசுகி ஸ்வெட்டரைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். போனை மறுபடி காதில் வைத்தாள்.

"தம்பி, கோட்ட நம்பாதீங்க. நீங்க ரேகாவையே வெச்சுக்குங்க."