காலுக்கு ஒன்று, பைக்கு ஒன்று

போன மாதம் தங்கராசா அண்ணன் என் மருந்துக்கடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது. அதன்மேல் திட்டுத் திட்டாக ஏதோ தூள்.

ஆரையம்பதிக்காரர். வாவியில் இறங்கி வலை வீசிப் பிழைப்பவர். சண்டைக் காலம் முழுக்க ஆமிக்காரர்களின் அந்தத் தடை, இந்தத் தடை... இப்போதுதான் நினைத்த நேரம் இறங்க முடிகிறது.

"தண்ணிக்க இறங்கலாம் எண்டு அவங்க விட்டுட்டாங்க தம்பி. இந்தக் கால்தான் விடுதில்ல" என்றார்.

"இது என்ன தூள்?"

"கெப்சூல்தான். உடைச்சுப் போட்டன்."

அமொக்சிசிலின்! நம் பக்கத்தில் இது ஊரறிந்த வைத்தியம். சுனாமி முகாமில் எந்தெந்த நாட்டு டாக்டர்களோ தந்த கெப்சூலைப் பாதி விழுங்கி, மீதியைப் பத்திரப்படுத்தினோமே — அன்றிலிருந்து எந்தப் புண்ணானாலும் உடைத்துத் தூவுவதுதான்.

ஆனால் இவருக்கு வந்தது சேற்றுப்புண். அது பூஞ்சணத்தின் வேலை. அமொக்சிசிலின் பக்டீரியாவுக்கான மருந்து. பக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளும். மருந்து அதைக் கட்டவிடாது. பக்டீரியா வெடித்துச் சாகும். நம் உடம்பின் கலங்களுக்குச் சுவரே கிடையாது, அதனால் நமக்குச் சேதமில்லை. பூஞ்சணத்துக்கும் சுவர் உண்டு. ஆனால் அது வேறு சாமானால் கட்டியது. தூள் அங்கே என்ன செய்யும்? பூஞ்சணத்தை அடக்கி வைத்திருக்கிற நல்ல பக்டீரியாவைக் கொன்று, அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். பூஞ்சணம் நம் கலங்களுக்குக் கிட்டத்துச் சொந்தம். நெல்லைப் போலவே முளைக்கும் களை மாதிரி — பார்த்துத்தான் பிடுங்க வேண்டும். குளோட்ரிமசோல் களிம்பு அதைப் பார்த்துச் செய்கிறது. பூஞ்சணத்தின் மேலுறைக்குத் தேவையான ஒரு கொழுப்பை உண்டாக்கவிடாமல் தடுக்கிறது. அந்தக் கொழுப்பு நம்மிடம் இல்லை. ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அரிக்கும் கடி நின்ற பிறகும் சில கிழமை பூச வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி ஒரு டியூப் கொடுத்தேன். "ஓம், ஓம்" என்றார். கொஞ்ச நாளில் அதே காலோடு திரும்பி வந்தார்.

"பூசலையா அண்ணன்?"

"பூசினன். கடி நிண்டுட்டு. மிச்சத்தக் கட்டி வெச்ச பைக்குள்ள போட்டிரிக்கன்."

"எதுக்கு?"

"ஊர விட்டு ஓடக்கொள்ள வேணும்தானே. அங்க கடை இரிக்குமா?"

"சண்டைதான் முடிஞ்சிட்டே!"

"இதுக்கு முதல் எத்தின தரம் முடிஞ்சது, தம்பி?"

வந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. மருந்தைக் கடைசிவரை பூசச் சொல்கிறேன். நாளைக்கும் இங்கேயே இருப்போம் என்று நம்புகிறவன்தானே கடைசிவரை பூசுவான்?

இரண்டு டியூப் எடுத்துக் கொடுத்தேன். "ஒண்டு காலுக்கு. வழிச்சுத் துடைச்சுப் பூசி முடிங்க. மற்றது பைக்குள்ள இரிக்கட்டும்."

போன கிழமை வந்தார். விரல் இடுக்கெல்லாம் சுத்தம். கையில் எனக்கென்று ஒரு கோர்வை மணலை மீன், இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மற்ற டியூப்?" என்று கேட்டேன்.

"பைக்குள்ள கிடக்கு" என்றார். "பை கதவுக்குப் பின்னால கிடக்கு."

டியூப்பில் காலாவதித் திகதி அச்சடித்திருக்கிறது... பைக்குத்தான் யாரும் இன்னும் அடிக்கவில்லை!