பேர் எழுதின கல்

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை மெழுகுதிரி எரிந்தாலும், உள்ளே நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது ஒரு கறுப்புக் கல்தான். அது நான் வைத்த கல். ஊரில் எல்லோரும் சிமென்டில் சிலுவை வார்த்து வெள்ளையடித்துக்கொண்டிருந்த காலத்தில், முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்குத் தேய்த்த கருங்கல்லை லாரியில் கொண்டுவந்து இறக்கியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் புதுக்கடைச் சந்தைக்கு மிதித்தவன், இன்று ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். யாரும் கைதூக்கிவிடவில்லை. நான் செய்து வைத்த எதுவும் லேசில் உடைந்ததும் இல்லை. இந்த வருஷம்தான், ஒன்றாவது உடைந்திருக்கக்கூடாதா என்று நினைக்கிறேன்.

கல்லை வைத்தது என் அளியனுக்காக, அதாவது தங்கச்சியின் மாப்பிள்ளைக்காக. என் முதல் படகை ஓட்டியவர் அவர். ஒரு மழைக்காலத்தில் படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்து பிழைத்தார்கள். அளியனை மட்டும் காணவில்லை. கடல் ஆளைத் திருப்பித் தராவிட்டால், அவன் துணிமணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது எங்கள் கடற்கரை வழக்கம். அளியன் ஊர்த் திருவிழாவுக்கு உடுக்கும் சட்டையையும் ஜெபமாலையையும் வைத்து அடக்கினோம். கல்லில் அவர் பேரையும் கடல் கொண்டுபோன தேதியையும் ஆழமாக வெட்டச் சொன்னேன். அந்தக் கல்லறைத் திருநாளில் தங்கச்சி முதல் மெழுகுதிரியை ஏற்றினாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அளியன் வந்து நின்றார். ஏதோ ஒரு கப்பல்காரர்கள் அவரைத் தூக்கிக் காப்பாற்றி, தூரதேசத்துத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லாதவரை அங்கிருந்து ஊருக்கு அனுப்ப அத்தனை மாதம் பிடித்திருக்கிறது. யாருடையதோ தொளதொளத்த கால்சட்டையோடு அவர் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு அளியா. உசுரோட இருக்கும்போ எனக்கு ஒரு சட்டை எடுத்துத் தந்திருக்கியா நீ? இருந்த ஒண்ணையும் குழியில போட்டுப் பூத்திட்டியளே!"

உடைத்துப் போடுங்கள் என்றுதான் அன்றைய பங்குச்சாமியார் சொன்னார். அளியன் விடவில்லை. "கெடக்கட்டும் சாமி. என்னைக்கானாலும் வேணுமில்லா" என்றார். வயதான பெண்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பேர் எழுதின குழி சும்மா கிடக்காது, ஆளைக் கேட்கும் என்று முணுமுணுத்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து, தன் திரியைத் தானே ஏற்றி, அதே நெருப்பில் பீடியும் பற்றவைப்பார் அளியன். ஊரே சிரிக்கும். தங்கச்சி மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

தங்கச்சி மகனுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது வீட்டில் சண்டை வந்தது. தலைப்பேரனுக்கு, அப்பாவைப் பெற்ற பாட்டாவின் பேரை இடுவதுதான் எங்கள் முறை. தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள். "அந்தப் பேரு வேண்டாம். அது கல்லுல கெடக்கு" என்றாள். அளியன் குழந்தையைக் கையில் வாங்கி, "ஏட்டி, கல்லுக்கா நான் பேரு வச்சேன்? பேரனுக்காக்கும்" என்றார். ஞானஸ்நானத்தில் அந்தப் பேரையே இட்டார்கள்.

ஒக்கிப் புயல் வந்த அன்று அளியன் கடலில் இருந்தார். வயதாகிவிட்டது, வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லியும், சும்மா இருந்தால் கால் வீங்குகிறது என்று யார் படகிலோ ஏறிப் போயிருந்தார். அந்தப் படகில் ஒருவரும் திரும்பவில்லை. கல்லில் தேதியை மாற்றி வெட்டலாமா என்று நான் கேட்டபோது தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டாள். "அத தொடாதீங்க அண்ணா. ஒருக்க பொய் சொன்ன கல்லுல்லா? இப்பவும் பொய்தான் சொல்லுது. பொய்யா கெடக்கட்டும். வந்திருவாவ." அன்று முதல் அவளே போய்த் திரி ஏற்றினாள். திரும்பிப் பார்க்காமல் இருந்தவளுக்கு அந்தக் கல்தான் துணையாயிற்று.

இந்த வருஷம், வளைகுடா வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேரன் என் படகில் பேர் கொடுத்தான். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் அவனும் எங்களோடு வந்தான். திரியை ஏற்றினான். பாட்டாவைப் போலவே கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். "பாட்டா, ஒரு போட்டோ எடுங்க. சொந்தக் கல்லறையில இருக்குத ஒரே ஆளு நானாக்கும்" என்று என்னிடம் செல்போனை நீட்டினான். காற்று நின்றிருந்தது. அத்தனை திரியும் அசையாமல் எரிந்தன. நவம்பர் மாதத்துக் கடல் அப்படி ஓசையடங்கிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

அவன் போனபிறகு தங்கச்சி என் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, கல்லை உடைச்சிருங்க."

"அப்போ அளியன்?"

"அவிய இனி வரமாட்டாவ." இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். "இவன் போறானே. அந்தப் பேரு அங்க கெடக்கப்பிடாது."

மறுநாள் விடியலில் படகு புறப்பட்டது. அது கண்ணுக்கு மறையுமுன் சம்மட்டியோடு ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல பலசாலி. ஓங்கி ஓங்கி அடித்தார். நான் பார்த்துப் பொறுக்கி வாங்கிய கல். தீப்பொறி பறந்ததே தவிர விரிசல்கூட விழவில்லை. கடைசியில் ஒரு மூலை மட்டும் தெறித்து விழுந்தது. தேதி இருந்த மூலை. பேருக்கு ஒரு கீறலும் இல்லை. கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இனி நான் அடிக்கமாட்டேன் முதலாளி. வேற ஆளைப் பாருங்க." தங்கச்சி அந்தத் துண்டை எடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

முந்தாநாள்வரை வயர்லெஸ்ஸில் பேரன் குரல் கேட்டது. "நல்ல மீன்பாடு பாட்டா" என்றான். நேற்றிலிருந்து இரைச்சல்தான் கேட்கிறது. வயர்லெஸ் கெட்டிருக்கும் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால் ஊரே நம்பும். அவள் நம்பவில்லை.

இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நின்றேன். திருநாளுக்கு அவன் ஏற்றிய மெழுகுதிரி உருகி வெட்டெழுத்துக்குள் இறங்கி உறைந்திருக்கிறது. கறுப்புக் கல்லில் அந்தப் பேர் இப்போதுதான் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. அதன் கீழே, தேதி தெறித்துப்போன மூலையில், புதிதாக ஒன்று எழுதும் அளவுக்கு இடம் இருக்கிறது.