நிரஞ்சனா என்ற ஆறு

மாதாப்பூரில் மகன் வீட்டு லிஃப்டில் ஒரு தாய், "நிரஞ்சனா, இக்கட ரா" என்று தெலுங்கில் குழந்தையைக் கூப்பிட்டாள். எனக்குச் சின்ன வயதில் நாங்கள் இருந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் குழாயடி நினைவுக்கு வந்தது.

ஒர்க்ஷாப் ஃபிட்டரான என் அப்பா, புத்தர் குளித்த நிரஞ்சனா ஆற்றைப் பார்க்க கயாவுக்கு ரயில் பாஸ் வாங்கியிருந்தார். குழாயடியில் நான், "அப்பா நிரஞ்சனாவப் பாக்கப் போறாரு" என்றேன்.

"யாருடா அவ, உன் சின்னம்மாவா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. குடங்களோடு எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சு குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. அம்மா அழுதாள். "ஆறுதான்னு எனக்குத் தெரியும். ஊர் வாய யாரு மூடறது? நக்கோங்க, வேணாம், போகாதீங்க."

அப்பா பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த வேட்டியை மறுபடி கொடியில் போட்டார். சாகும்வரை போகவேயில்லை.

அது ஆறு என்று எனக்கும் தெரியும். குழாயடியிலேயே சொல்லியிருக்கலாம். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.